உப்புப் பார்க்க வந்தவர்கள்

முதல் மோட்டார் சைக்கிள் பள்ளி வாசலுக்குள் நுழைந்தபோது லோகேஸ்வரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பிள்ளையோ மறந்துவிட்டு வந்த தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க வந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது வந்தது. அதன் பின்னாலேயே மூன்றாவது. பிறகு, ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருந்த பழைய கார் ஒன்று செம்மண் தெறிக்க வந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, அதற்குள்ளிருந்து நான்கு பெண்கள் சேலையையும் சட்டையையும் இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே வரும் அந்த ஒற்றைப் பாதையில் இன்னும் புழுதி கிளம்பிக்கொண்டேயிருந்தது. சிற்றுண்டிச்சாலையின் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த லோகேஸ்வரிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வருகிறார்கள். உண்மையிலேயே வருகிறார்கள்.

"புஷ்பாக்கா! வெளிய வந்து பாருங்களேன்!"

புஷ்பவள்ளி கையில் கரண்டியோடு சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைப் பல வருடங்களாக நடத்திவருபவள். எதற்கும் அசராத அவள் முகமே ஒரு கணம் வெளிறிப்போனது.

"ருசி பாக்க வராங்களா, கல்யாணத்துக்கு வராங்களா? இந்தக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தா பிள்ளைங்களுக்கு எலும்புதான் மிஞ்சும் டீச்சர்."

லோகேஸ்வரி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், இந்த இடத்தில் நின்று தான் சிரித்து கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகிவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது.

புரட்டாசி பிறந்த வாரத்தில் நடந்தது அது. முந்தின நாள் இரவு அடித்த மழையில் மின்சாரம் போய், சமையல்கட்டுக் குளிர்ப்பெட்டி நின்று, விடிவதற்குள் மின்சாரம் திரும்ப வந்து பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. யாருக்கும் தெரியவில்லை. புஷ்பவள்ளி வழக்கம்போல் கோழியை எடுத்துப் பொரித்தாள். அவளும் அந்த மாதம் சைவம். புரட்டாசியில் வீட்டில் பிள்ளைகளுக்குக் கறி ஆக்குகிற எல்லாப் பெண்களையும் போல, கைக்கணக்கில் உப்புப் போட்டு, வாயில் வைக்காமலேயே இறக்கிவிடுகிற பழக்கம் அவளுக்கு. அதற்காகத்தான் பள்ளியில் ஒரு முறை இருந்தது. சமைத்த சாப்பாட்டை அன்றைய பொறுப்பாசிரியர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும். அன்றைக்குப் பொறுப்பு லோகேஸ்வரி.

அவள் இடைநிலைப்பள்ளிக் காலத்திலிருந்தே விரதம் இருப்பவள். அந்த ஒரு மாதம் தன்னை யாரோ கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தது போல அவளுக்கு இருக்கும். நாக்கு, மூக்கு, நினைப்பு எல்லாமே கொஞ்சம் கூர்மையாகிவிடும். பொரித்த கோழியின் வாடை அன்று தட்டிலிருந்து எழுந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பினாள். திருப்பிய முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, புஷ்பவள்ளியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அவ்வளவுதான். கண் இமைக்கிற நேரம். பிற்பகலுக்குள் பிள்ளைகள் வரிசையாக வாந்தியெடுத்தார்கள். அவளுடைய மூன்றாம் ஆண்டு வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் கவிஷா மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் மனோகரன், "ஆசிரியர் ருசி பார்த்த பிறகுதான் பரிமாறினோம்" என்று சொல்லிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அப்போது கவிஷாவின் அம்மா ஷாமளா எழுந்து, குரலை உயர்த்தாமல், "எம்மக வேற மாதிரி சொல்றாளே டீச்சர்" என்றாள். தட்டு அடுக்க வந்த பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கோழி கெட்டுப்போனதைக்கூட மன்னித்திருப்பார்கள். அந்தத் தலையாட்டலைத்தான் யாராலும் மறக்க முடியவில்லை. அது லோகேஸ்வரிக்கும் தெரியும். இரவுகளில் அவள் கழுத்து தானாக ஒருமுறை ஆடி நிற்பது போலத் தோன்றி விழித்துக்கொள்வாள். கணவன் யோகேந்திரன், "மாற்றல் கேட்டுட்டு யான் ஊருப் பக்கம் போயிரலாம் லோகா, அங்க யாருக்கும் ஒன்னத் தெரியாது" என்றான். தெரியாதவர்கள் நடுவில் நல்லவளாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றல் கேட்கவில்லை.

சிற்றுண்டிச்சாலையை மூடி, கழுவி, புஷ்பவள்ளிக்குத் தடுப்பூசி போட்டு, புதுக் குளிர்ப்பெட்டி வாங்கித் திறந்த பிறகும் பிள்ளைகள் தட்டெடுக்கவில்லை. வீட்டிலிருந்து ரொட்டியும் பிஸ்கட்டும் வந்தன. அதுவும் கொண்டுவர முடியாத தோட்டத்துப் பிள்ளைகள், விடியுமுன்பே அப்பா அம்மா வேலைக்குப் போய்விடுகிற பிள்ளைகள், இருந்தவர்களிடம் பாதி வாங்கித் தின்றுவிட்டுக் குழாயடியில் தண்ணீர் குடித்தார்கள். இந்த வாரமும் இப்படியே போனால் சிற்றுண்டிச்சாலையை மூடிவிட வேண்டியதுதான் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் பெற்றோர் சங்கத் தலைவர் குகன் அந்த யோசனையைச் சொன்னார். "நாங்களே வந்து உப்புப் பாக்குறோம் சார். பெத்தவங்க வாயில வச்ச பொறவு பிள்ளைங்க வாயில வைங்க." எல்லாரும் சரி என்றார்கள். ஆனால் எல்லார் கண்ணும் இருந்தது ஒருத்தியின் மேல்தான். ஷாமளா மகள் சாப்பிட்டால் நம்ம பிள்ளையும் சாப்பிடட்டும் என்று வாசலிலேயே பேசிக்கொண்டார்கள்.  அந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகு ஷாமளா பள்ளிப் பக்கமே வரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை, இந்த மாநிலத்தில் வாரத்தின் முதல் பள்ளி நாள். குகன் தான் ஓட்டும் லாரியை எங்கோ நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். பின்னாலேயே கூட்டம். வந்தவர்கள் சும்மா நிற்கவில்லை. ஒருத்தி குளிர்ப்பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். ஒருவர் குனிந்து அடுப்புக்கு அடியில் பார்த்தார். எண்ணெய்ப் பாத்திரத்தை முகர்ந்தார்கள். கழுவி அடுக்கிய தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

"இந்தத் துணி என்னா, போன தீபாவளிக்கு வாங்குனதா?"

"நல்லாப் பாரு குணவதி, ஒம் வீட்டுத் துணிய விட வெள்ளையா இருக்கும்."

"எண்ணெய் புதுசா அக்கா?"

"இன்னிக்குக் காலைல பிரிச்சது லா. பாக்கெட்ட வேணும்னா மாலையா போட்டுக்கட்டுமா?"

"சூப்புல மிளகு பத்தாது."

"பிள்ளைங்க குடிக்கிற சூப்பு. ஒம் புருசனுக்குக் காய்ச்சல் வந்தா அப்ப வா, மிளகு போட்டுத் தரேன்."

லோகேஸ்வரி ஒரு மூலையில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. இவர்கள் குறை சொல்கிறார்கள். மூன்று வாரமாக யாரும் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. வாசலில் அவளைக் கண்டால் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, "வரேன் டீச்சர்" என்று மரியாதையாக நகர்ந்துபோனார்கள். அந்த மரியாதை எவ்வளவு குளிர்ந்து கிடந்தது என்பது இந்த இரைச்சலில்தான் அவளுக்குப் புரிந்தது. குணவதி அவள் பக்கம் திரும்பி, "அந்த ஜன்னல் வலை கிழிஞ்சிருக்கே, ஈ வராது? பாக்க மாட்டீங்களா டீச்சர்?" என்று அதட்டினாள். "தச்சிடுறேன் குணவதி, இன்னிக்கே தச்சிடுறேன்" என்று சொன்னபோது லோகேஸ்வரிக்கு யாரோ பரிசு கொடுத்தது போலிருந்தது.

புஷ்பவள்ளி கோழிச் சோற்றுக்கான தட்டைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தாள். பொன்னிறமாகப் பொரிந்த துண்டுகள், நறுக்கிய வெள்ளரிக்காய், கிண்ணத்தில் மிளகாய்ச் சாந்து. ஆவி பறந்தது. கூட்டம் மேசையைச் சுற்றி நெருங்கியது.

"சரி, யாரு மொதல்ல?" என்றார் குகன்.

யாரும் கை நீட்டவில்லை.

"என்னா, இவ்ளோ தூரம் வந்துட்டு வெக்கமா?"

"நான் எப்படிண்ணே?" என்றாள் குணவதி. "நாலாவது சனி முடியிற வரைக்கும் நான் சைவம்."

"எங்க வீட்டுலயே மொத்தமா சைவம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நான் பெருமாளுக்கு நேர்ந்திருக்கேன்."

"நான் சோத்த வேணும்னா சாப்புடுறேன். கோழி தாக் போலே, முடியவே முடியாது."

குகன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்க்கப் பார்க்க அவர் வாய் திறந்துகொண்டே போனது. "அலாமா! மெனக்கெட்டு உப்புப் பாக்க வந்திருக்கீங்க, அத்தன பேரும் விரதமா?"

"நீங்க சாப்புடுங்களேன், தலைவருதானே."

குகன் தலையைச் சொறிந்தார். சட்டைப் பையைத் தடவினார். கொடிக்கம்பத்தைப் பார்த்தார். "நானும்தான் லா" என்றார் மெதுவாக.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஒரு மூலையில் கிளம்பிய சிரிப்பு மேசையைச் சுற்றி ஓடி, புஷ்பவள்ளியைப் பிடித்துக்கொண்டது. அவள் கரண்டியால் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே குணவதி சொன்னாள், "அப்ப இந்த டீச்சர் மட்டும் என்னாதான் பண்ணியிருப்பாங்க, பாவம்." சொன்ன பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சிரிப்பு தணிந்தது. எல்லாரும் முதன்முறையாக லோகேஸ்வரியை நேராகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தங்கள் சொந்தக் கை தயங்கியதைப் பார்த்த பிறகு மனிதர்கள் இப்படித்தான் பார்ப்பார்களோ என்னவோ.  அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆறுதலைக் கையில் வாங்கிக்கொள்ள அவளுக்குக் கூசியது. தயங்கியதற்காக அல்லவே அவர்கள் அவளை வெறுத்தது.

"புஷ்பா, புரட்டாசி முடியிற வரைக்கும் சைவமாவே போட்டா என்னா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"சாப்பாட்டு அட்டவணை மேலருந்து வருதும்மா. அதுவுமில்லாம கோழிச் சோறுன்னா பிள்ளைங்க ஓடி வரும். கீரையப் போட்டா எவன் வருவான்?"

"நான் இருக்கேன் லா!" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல். காளிதாசன். மாதம், திதி, கிழமை எதையும் பார்க்காமல் சாப்பிடுகிறவர் என்று ஊரே கேலி பேசும் மனிதர். அவர் பேத்தி இங்கே முதலாம் ஆண்டு படிக்கிறாள். கூட்டம் அவருக்கு விழா நாயகனுக்கு விடுவதுபோல் வழி விட்டது. அவர் ஒரு காலை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். மென்றார். இன்னொரு கடி. "உப்பு கரெக்ட்டு. உள்ளயும் வெந்திருக்கு. இன்னொண்ணு குடு புஷ்பா, சந்தேகம் தெளியணும்."

"போதும் போதும், இது ருசி பாக்குறது, பந்தி இல்ல!"

கைதட்டினார்கள். குகன், "முடிஞ்சிருச்சு! பிள்ளைங்கள விடுங்க!" என்று வகுப்புகளின் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"அவரு சாப்புட்டா எனக்குப் போதாது."

தொழிற்சாலைச் சீருடையோடு, கழுத்தில் அட்டை தொங்க, ஷாமளா நின்றிருந்தாள். இரவு வேலை முடித்து குலிமிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கண் சிவந்திருந்தது. எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"காளி மாமா கல்லக் குடுத்தாலும் கரெக்ட்டுன்னுதான் சொல்வாரு." காளிதாசன் அதை மறுக்கவில்லை. ஷாமளா மேசையருகே வந்தாள். தட்டை லோகேஸ்வரியின் பக்கம் நகர்த்தினாள். "டீச்சர் சாப்புடட்டும்."

"என்னா ஷாமளா, புரட்டாசில போய்..." என்று குணவதி ஆரம்பித்தாள்.

"அன்னிக்குச் சாப்புட்டேன்னு சொன்னாங்கல்ல. அன்னிக்கும் புரட்டாசிதான்."

  லோகேஸ்வரி தட்டைப் பார்த்தாள். எவ்வளவு சுலபம். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டால் முடிந்தது. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார், பிள்ளைகளுக்காகத்தானே என்று யாராவது சொல்வார்கள். கண் கலங்குவார்கள். நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் தட்டெடுப்பார்கள். அவள் கை உண்மையிலேயே நீண்டது. துண்டு விரலில் பட்டது, சூடாக இருந்தது. முகத்துக்கு நேரே கொண்டுவந்தபோது வாடை எழுந்தது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு கணத்தில் அவள் தன்னையே வெளியிலிருந்து பார்த்தாள். சிரித்த முகம், உயர்ந்த கட்டை விரல். இப்போது விழுங்கிவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லப்போகிற முகமும் அதே முகம்தான். ருசியே தெரியாமல் விழுங்கிவிட்டு ருசி சொல்லப்போகிறாள். எல்லாருக்கும் பிடித்ததை, எல்லாரும் பார்க்கும்படி.

அவள் துண்டைத் தட்டில் வைத்தாள்.

"என்னால முடியல ஷாமளா. மோந்து பாக்கக்கூட முடியல. கொமட்டுது."

ஷாமளாவின் முகம் அசையவில்லை. "அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"அன்னிக்கும் இப்படித்தான்."

"ஆனா கட்டை விரலத் தூக்கிக் காட்டுனீங்க."

"ஆமா. காட்டுனேன்."

"கூட்டத்துலயும் தலையாட்டுனீங்க."

"ஆட்டுனேன்."

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது லோகேஸ்வரிக்கே வியப்பாக இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நெஞ்சு மட்டும், ஓடி முடித்தவளுடையதைப் போல, வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. இனி என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும். ஷாமளா மகளைக் கூட்டிக்கொண்டு லூனாஸில் வேறு பள்ளியில் சேர்த்துவிடலாம். இவர்கள் எல்லாரும் வந்த வண்டியில் திரும்பிப்போகலாம். புஷ்பாக்காவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. கேட்டதைச் செய்திருக்கலாமே என்று அந்த முகம் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனாலும் கால் ஊன்றி நிற்க ஓர் இடம் கிடைத்தது போல, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, அவள் அசையாமல் நின்றாள்.

 ஷாமளா கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு தட்டு போடுங்க."

"ஷாமளா, நீயும் சைவம்தானே?" என்றார் குகன்.

"ஆஸ்பத்திரில எம்மகளுக்கு ஊசி போட நரம்பு கெடைக்காம தேடுனாங்கள்ல? அன்னிக்கே விட்டுட்டேன்ணே. சாமிகிட்ட கொஞ்சம் கோவமா இருக்கேன்." பெஞ்சில் உட்கார்ந்தாள். "அது எங்களுக்குள்ள."

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் கொட்டினார்கள். வந்த வேகத்தில், அப்பாக்களும் அம்மாக்களும் ஒரே இடத்தில் நிற்பதைக் கண்டு தடுமாறி, ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, எப்படியோ ஒரு வரிசையானார்கள். "அம்மா, நீ ஏன் வந்த?" "தாத்தா, வாயெல்லாம் எண்ணெய்!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வீட்டு ரொட்டிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த கவிஷா, அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஷாமளா நிமிர்ந்து பார்க்கவில்லை. துண்டின் தோலை உரித்து ஒதுக்கினாள். எலும்போடு ஒட்டிய சதையைக் கிள்ளி எடுத்தாள். மருந்துச் சீட்டைப் படிக்கிறவள் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். வாயில் போட்டாள்.

மெல்லத் தொடங்கினாள். அவசரமே இல்லை. ஒரு பக்கம் மென்றாள், நாக்கால் புரட்டி மறுபக்கம் தள்ளினாள். புஷ்பவள்ளி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். காளிதாசன் இரண்டாவது துண்டைப் பாதி கடித்த நிலையில் நிறுத்திக்கொண்டார். வரிசையில் சத்தம் ஒவ்வொருவராக அடங்கியது. முன்னால் நின்றவன் பின்னால் நின்றவனை முழங்கையால் இடித்து, பார் என்று கண்ணைக் காட்டினான். லோகேஸ்வரி மூச்சுவிட மறந்து ஷாமளாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மேலே போயிற்று, கீழே வந்தது. மறுபடி மேலே.

யாரோ அவள் சட்டை நுனியைத் தொட்டார்கள். கவிஷா. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு வகுப்பில் ஒருநாள்கூட அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காத பிள்ளை, இப்போது கழுத்தைப் பின்னால் சாய்த்து அவளையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், நீங்க என்னா மெல்லுறீங்க?"

லோகேஸ்வரி கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டாள். வாயில் ஒன்றுமில்லை. ஆனால் விரலுக்கு அடியில் அவளுடைய தாடை, ஷாமளாவினுடையதோடு சேர்ந்து, மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.